நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் அதன் ஆண்டு விழாக்களும்

அவுஸ்திரேலியா ஆறு மாநிலங்கள் கூடியமைத்த ஒரு கூட்டாட்சி நாடு. அதன் தேசிய தினம் ஆண்டுதோறும் சனவரி 26ஆம் நாள் கொண்டாடப்படுகின்றது. ஆயினும் அந்நாள் ஆறு மாநிலங்களுக்கும் பொதுவானதொரு நிகழ்ச்சியைக் குறிப்பதன்று. ஆறனுள்ளும் மூத்ததாகிய நியூ சவுத் வேல்ஸ் தோன்றிய நாளே அது. மேற்கு அவுஸ்திரேலியா 1829ஆம் ஆண்டிலும், தென் அவுஸ்திரேலியா 1836ஆம் ஆண்டிலும் தனித்தனியே நிறுவப்பட்டன. விக்டோரியா 1851இலும், குயின்ஸ்லாந்து 1859இலும் நியூ சவுத் வேல்சிலிருந்து பிரிந்தன. கூட்டாட்சி மலர்ந்ததோ 1901 சனவரி முதலாம் நாளிலாகும். இவ்வாறிருக்க, ஒரு மாநிலத்தின் பிறந்தநாள் ஒரு தேசத்தின் பிறந்தநாளாக வளர்ந்த வரலாறும், அவ்வளர்ச்சியில் எவை நினைக்கப்பட்டன, எவை மறைக்கப்பட்டன என்னும் வினாவும் ஆராயத்தக்கன. விழா மறக்கப்பட்டமையாற் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதென மணிமேகலை கூறும். சிட்னி நகரிலோ விழா ஒருபோதும் மறக்கப்படவில்லை. விழாவுக்குள்ளே மக்கள் மறக்கப்பட்டனர்.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகளை இழந்தபின், தன் சிறைகளில் நிரம்பி வழிந்த குற்றவாளிகளை அனுப்புதற்குப் பிரித்தானியா புதியதோர் இடத்தை நாடியது. 1787 மே மாதத்தில் போட்ஸ்மத் துறையிலிருந்து கப்டன் ஆதர் பிலிப் என்பாரின் தலைமையிற் புறப்பட்ட பதினொரு கப்பல்கள் 1788 சனவரியில் பொட்டனி விரிகுடாவை அடைந்தன. அங்கு நன்னீரும் பாதுகாப்பான துறையும் வாய்க்கவில்லை. எனவே பிலிப் வடக்கேயுள்ள போட் ஜக்சனை நாடிச்சென்று, அதனகத்தேயுள்ள ஒரு சிறு குடாவில் சனவரி 26ஆம் நாள் கொடியேற்றினார். உள்நாட்டு அமைச்சராயிருந்த சிட்னிப் பிரபுவின் பெயர் அக்குடாவுக்கு இடப்பட்டது. குடியேற்ற நாட்டின் அரசாங்கம் முறைப்படி பிரகடனம் செய்யப்பட்டது பெப்ரவரி 7ஆம் நாளிலேயே என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஆவணங்களைக் கொண்டு நாள் குறிப்பதாயின் அந்நாளுக்கே உரிமை அதிகம். ஆனால் மக்கள் நினைவு கொடியேறிய நாளையே பற்றிக்கொண்டது. வந்திறங்கியவருள் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் கைதிகள். அவர்கள் இறங்கிய நிலமோ கடிகல் என்னும் குலத்தாருக்கு உரியது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1789இல், அம்மைநோய் பரவிச் சிட்னியைச் சூழ வாழ்ந்த ஆதிக்குடிகளுட் பெரும்பகுதியினரை மாய்த்தது.

சனவரி 26ஐ முதன்முதற் கொண்டாடியவர் யாவர்? தேசாதிபதியும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். தண்டனைக் காலம் முடிந்து விடுதலை பெற்ற கைதிகளே அதனைக் கொண்டாடத் தொடங்கினர். தம் சொந்த நாடு தம்மைத் துரத்திவிட்டது. புதிய நாடோ நிலமும் வாணிகமும் தந்து தம்மை மனிதராக்கிற்று என்னும் உணர்ச்சி அவர்களிடத்து இருந்தது. கைதியாக வந்து, பின்னர் அக்குடியேற்ற நாட்டின் முதலாவது அஞ்சல் அதிபராக உயர்ந்த ஐசாக் நிக்கல்ஸ் என்பாரின் இல்லத்தில் 1817இல் நிகழ்ந்த ஆண்டுவிழா விருந்து சிட்னிப் பத்திரிகையிற் குறிக்கப்பட்டுள்ளது. மறு ஆண்டு, முப்பதாண்டு நிறைவின்போது, தேசாதிபதி மக்குவாரி அதனை அரசாங்க விழாவாக்கினார். ஆண்டுக்கு ஒன்றாக முப்பது பீரங்கிகள் முழங்கின. அரசாங்க வேலையாட்களுக்கு விடுமுறையோடு ஆளுக்கு ஓர் இறாத்தல் இறைச்சியும் மேலதிகமாக வழங்கப்பட்டது. ஐம்பதாண்டு நிறைவாகிய 1838இல் அந்நாள் பொது விடுமுறையாயிற்று. ஓராண்டு முன்னதாகத் தொடங்கிய படகுப்போட்டி இன்றும் சிட்னித் துறையில் நடைபெற்று வருகின்றது.

மக்குவாரியின் ஆட்சியில் விடுதலை பெற்ற கைதிகள் நீதிபதிகளாகவும் மருத்துவர்களாகவும் கட்டடக் கலைஞராகவும் அமர்த்தப்பட்டனர். அவருட் பிரான்சிஸ் கிறீன்வே என்பவர் தனித்துக் குறிக்கத்தக்கவர். கள்ளப் பத்திரம் எழுதிய குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்ட அவர், சிட்னியின் சிறந்த பழைய கட்டடங்கள் சிலவற்றை எழுப்பினார். 1819இல் நிறைவெய்திய ஹைட் பூங்காக் கைதிமனை அவற்றுள் ஒன்று. 1966இல் அவுஸ்திரேலியா பதின்ம நாணய முறைக்கு மாறியபோது, பத்து டொலர்த் தாளில் இவருருவமே அச்சிடப்பட்டது. பத்திரமோசடி செய்தவனுக்குத் தன் பணத்தாளில் இடங்கொடுத்த அரசு உலகிற் பிறிதொன்று உண்டோ என்பது ஐயத்துக்குரியது.

ஆனால் அந்தப் பெருந்தன்மை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது. நியூ சவுத் வேல்சுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இல் நிறுத்தப்பட்டது. அதுவரை ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் அங்கு இறக்கப்பட்டிருந்தனர். 1851இற் பொன் கண்டெடுக்கப்பட்டதும் சுதந்திரக் குடியேறிகள் திரள்திரளாக வந்தனர். பொருள் பெருகவே நாணமும் பெருகிற்று. பாட்டன் கைதியாக வந்தானென்பதைப் பேரன் மறைத்தான். குடும்பங்கள் தம் வமிச வரலாற்றை வேண்டியவிடத்து வெட்டிக்கொண்டன. 1879ஆம் ஆண்டுச் சர்வதேசப் பொருட்காட்சிக்கென எழுப்பப்பட்ட பூங்கா மாளிகை 1882 செப்ரெம்பர் 22ஆம் நாள் தீக்கிரையாகியபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்புப் பதிவேடுகளும் கைதிகள் சம்பந்தமான பத்திரங்களும் எரிந்தழிந்தன. தம் முன்னோரின் பெயரை அழிக்க விரும்பிய பெருங்குடும்பத்தார் எவரோ தீமூட்டினர் என்னும் வதந்தி நெடுங்காலம் நிலவிற்று. வதந்திக்குச் சான்றில்லை. ஆயினும் அவ்வாறொரு வதந்தி பிறந்தமையே அக்காலத்து மனநிலைக்குச் சான்றாகும். அதே தீயில் ஆதிக்குடிகளின் கைவினைப் பொருட்டொகுதியொன்றும் வெந்து சாம்பராயிற்று. இரு சாராரின் நினைவுச் சின்னங்களும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் மறைந்தன.

இத்தகைய சூழ்நிலையில் 1888ஆம் ஆண்டு நூற்றாண்டு விழா வந்தது. அப்பொழுது முதலமைச்சராயிருந்த சேர் ஹென்றி பாக்ஸ், அதற்கு முந்திய ஆண்டில், நியூ சவுத் வேல்ஸ் என்னும் பெயரை நீக்கி அக்குடியேற்ற நாட்டுக்கு ‘அவுஸ்திரேலியா’ என்றே பெயரிட வேண்டுமென முயன்றார். முழுக் கண்டத்தின் பெயரையும் ஒரு குடியேற்ற நாடு தனக்கென எடுத்துக்கொள்வதா என அயல்நாடுகள் வெகுண்டன. எள்ளி நகையாடவுஞ் செய்தன. முயற்சி கைவிடப்பட்டது. பெயர் கிட்டாவிடினும், பிற்காலத்தில் நாள் கிட்டியது என்பதை எண்ணுமிடத்து, பாக்சின் ஆசை வேறொரு வழியில் நிறைவேறிற்று எனலாம். நூற்றாண்டு நாளன்று நூற்றாண்டுப் பூங்கா மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. முன்பு சதுப்பாகவும் மணல்மேடாகவும் கிடந்த அவ்விடத்திலேயே பதின்மூன்றாண்டுகளின் பின் கூட்டாட்சியின் தொடக்க விழாவும் நடைபெற்றது. அயலிலுள்ள விக்டோரியா தன் தலைநகராகிய மெல்பேணில் அதே ஆண்டு நூற்றாண்டுப் பொருட்காட்சியொன்றை நிகழ்த்திச் சிட்னியை விஞ்ச முயன்றது. பிறந்தநாள் தமக்கையுடையது, பெருவிருந்து தங்கை வீட்டில்! 1888ஆம் ஆண்டு விழாக்களில் இருப்புப்பாதையும் கம்பளி வாணிகமும் கல்விக்கூடங்களும் புகழப்பட்டன. கைதிகளைப்பற்றி அடக்கியே பேசினர். ஆதிக்குடிகளைப்பற்றிப் பேசவேண்டுமென்று எண்ணியவர் மிகச் சிலரே.

அந்நூற்றாண்டு விழா நிகழ்ந்த அதே 1888ஆம் ஆண்டில், சிட்னிக்கு வெகு தூரத்தில், மாநிலத்தின் தென்னெல்லையாகிய மறே ஆற்றங்கரையில் வேறொரு சிறு தொடக்கம் நிகழ்ந்தது. யோட்டா யோட்டா என்னும் ஆதிக்குடி மக்கள், மலோகா என்னும் கிறித்தவ மிசன் குடியிருப்பிலிருந்து பெயர்ந்து, கம்மரகுஞ்சா என்னும் இடத்திற் குடியேறினர். தம் மொழியில் ‘எங்கள் இல்லம்’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். மரம் வெட்டி நிலந் திருத்திக் கோதுமை விளைத்தனர். தம் சொந்த நாட்டில் உழுதுண்பதற்குச் சிறிது நிலம் வேண்டுமென இம்மக்கள் 1881ஆம் ஆண்டிலேயே தேசாதிபதிக்கு மனுக்கொடுத்திருந்தனர். சில குடும்பங்களுக்குத் தனித்தனிக் காணித் துண்டுகள் பிரித்துக் கொடுக்கவும்பட்டன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் ஆதிக்குடிப் பாதுகாப்புச் சபை அக்காணிகளை மீட்டுக்கொண்டது. திருத்திய நிலம் திருத்தியவன் கையில் நிலைக்கவில்லை.

கம்மரகுஞ்சாவின் வரலாற்றில் ஓர் ஆசிரியரின் பெயர் அழியா இடம் பெற்றுள்ளது. அவர் தோமஸ் சத்ராக் ஜேம்ஸ். மொரீசியசுத் தீவிலே 1859இல் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த அவர், இளம்பருவத்திலே அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். மலோகாவை நிறுவிய டானியல் மத்தியூஸ் என்பாரை 1881இற் சந்தித்து, அங்குள்ள பாடசாலையில் ஆசிரியரானார். 1885இல் அக்குடிமக்களுள் ஒருத்தியாகிய ஏடா கூப்பரை மணந்தார். பின்னர் மக்களோடு தாமும் கம்மரகுஞ்சாவுக்குப் பெயர்ந்து, நாற்பதாண்டுக் காலம்வரை அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். எழுத்தும் எண்ணும் மட்டும் அவர் கற்பித்தாரல்லர். மனு எழுதுவது எவ்வாறு, கூட்டத்தில் எழுந்து பேசுவது எவ்வாறு, சட்டம் என்ன சொல்கின்றது என்பவற்றையும் அவரிடங் கற்றனர். இந்தியப் பெருங்கடலைக் கடந்து பெயர்ந்தோர் பலரையும் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகவே வரலாற்று நூல்கள் காட்டும். அவர்களின் வழியில் வந்த ஒருவர் வேறொரு நாட்டு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆசானாய் அமைந்தமை, தமிழர் முதலாய இந்திய மக்களின் புலப்பெயர்வு வரலாற்றை எழுதுவோர் கருத்திற் கொள்ளவேண்டியதொன்றாகும். ஏடா கூப்பரின் உடன்பிறந்தாராகிய வில்லியம் கூப்பரும் ஜேம்சிடம் பயின்றவரே. வளர்ந்தோர்க்கான மாலைவகுப்புக்களில் எழுதப்படிக்கக் கற்ற அந்தக் கூப்பர், தம் முதுமையில், 1938ஆம் ஆண்டு விழாவுக்கு மறுமொழி கூறினார்.

1938ஆம் ஆண்டு நூற்றைம்பதாண்டு நிறைவு. நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் பெரும் பொருட்செலவில் அதனைக் கொண்டாடியது. பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டிகள் பெப்ரவரி மாதத்திற் சிட்னியில் நடைபெற்றதும் இவ்விழாவையொட்டியே. அப்போட்டிகளிற் குத்துச்சண்டையில் இலங்கையின் பானி ஹென்றிகஸ் பொற்பதக்கம் வென்றமை இலங்கை விளையாட்டு வரலாற்றில் நிலைபெற்றதொன்று. அவ்வெற்றியின் பின்னணியில் இருந்த விழா எது என்பதை மட்டும் இங்குள்ளோர் பெரிதும் அறியார். சனவரி 26ஆம் நாள் ‘தேசியத்தை நோக்கிய பயணம்’ என்னும் பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட அலங்கார ஊர்திகள் சிட்னித் தெருக்களிற் பவனி வந்தன. கம்பளி, கோதுமை, சுரங்கம், நாடாய்வாளர், போர்வீரர் எனப் பலவும் அவற்றிற் காட்சியளித்தன. கைதி ஒருவன்கூட எந்த ஊர்தியிலும் இல்லை. கைதிகளுக்கென்றே நிறுவப்பட்ட ஒரு நாடு தன் நூற்றைம்பதாண்டு வரலாற்றை ஊர்வலமாக நடத்திக் காட்டுகையிற் கைதிகளை முற்றாக நீக்கிவிட்டமை ஓர் அதிசயமே. முதன்முதல் அந்நாளை விருந்திட்டுக் கொண்டாடிய ஐசாக் நிக்கல்சுக்கு அவ்விழாவில் இடமில்லாது போயிற்று.

ஆதிக்குடிகளை அவ்வாறு முற்றாக நீக்க இயலவில்லை. பிலிப் வந்திறங்கிய காட்சியை நடித்துக் காட்டுவதாயின், கரையில் நிற்பதற்குச் சிலர் வேண்டுமன்றோ? சிட்னியை அடுத்து வாழ்ந்த ஆதிக்குடிகள் அதற்கு இசைந்திலர். ஆகவே மேற்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள மெனிண்டி முதலாய குடியிருப்புக்களிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட ஆண்கள் புகைவண்டியிற் கொணரப்பட்டனர். பாதுகாப்புச் சபையின் ஆணையை மீறும் வலிமை அவர்களுக்கு இல்லை. நகரில் அவர்கள் தங்கவைக்கப்பட்டது ரெட்பேண் பொலிசு நிலையத்துக் குதிரை இலாயங்களில். நடிப்பு நிகழ்ந்தது பாம் குடாவில். உண்மையில் இறங்கிய சிட்னிக் குடா அப்பொழுது கப்பற்றுறையாகிக் கற்கட்டுக்களால் மூடப்பட்டிருந்தது. வெள்ளையர் படகுகளில் வந்திறங்க, அஞ்சிப் பின்வாங்கி ஓடுவதே அம்மனிதர்க்குக் கொடுக்கப்பட்ட பாத்திரம். நிலமும் வேறு, குலமும் வேறு, மொழியும் வேறான மக்களை, கடிகல் மக்களின் வேடந் தரித்துத் தோற்றோடும்படி செய்தனர். விழாவை வகுத்தோர்க்கு ஆதிக்குடிகளெல்லாரும் ஒரு குலத்தினரே போலும்.

அதே நாளில், ஊர்வலம் சென்ற தெருக்களுக்கு அண்மையிலே, எலிசபெத் வீதியிலுள்ள அவுஸ்திரேலிய மண்டபத்தில் மற்றொரு கூட்டம் நடைபெற்றது. ஆதிக்குடியினர் மாத்திரமே அதற்கு அழைக்கப்பட்டிருந்தனர். கறுப்பு உடை தரித்து ஏறத்தாழ நூறு பேர் வந்தனர். மாநிலத்தின் பல பாகங்களிலிருந்தும், விக்டோரியாவிலிருந்தும் வந்தனர். மண்டபத்தின் முன்வாயில் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை என்றும், பின்வாயிலாலேயே உட்சென்றனர் என்றும் கூறுவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கம்மரகுஞ்சாவிற் பிறந்த ஜக் பற்றன். அவரோடு உழைத்தவர் வில்லியம் பேர்கசன். ஆட்டுமயிர் கத்தரிக்குந் தொழிலாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்த அவர், 1937இல் டபோ நகரில் ஆதிக்குடி முன்னேற்றச் சங்கத்தை நிறுவியவர். பேர்ள் கிப்ஸ், மாக்கிறற் ரக்கர் ஆகிய பெண்மணிகளும் இவ்வியக்கத்தில் முன்னின்றனர். அந்நாளைத் துக்கதினமாகக் கொள்ளவேண்டுமென்னுங் கருத்தை முதலிற் கூறியவர் வில்லியம் கூப்பர். மெல்பேணிலிருந்து அவர் வந்திருந்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்திருந்தது.

கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் சுருக்கமானது. வெள்ளையர் தம் நாட்டைக் கைப்பற்றிய நூற்றைம்பதாவது ஆண்டில், தம் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்டிப்பதாகவும், கல்விக்கும் நலனுக்கும் புதிய சட்டங்கள் வேண்டுமென்றும், முழுமையான குடியுரிமையும் சமத்துவமும் தரப்படவேண்டுமென்றும் அது கூறிற்று. அக்கோரிக்கையின் பொருளை விளங்குவதற்குப் பாதுகாப்புச் சபையின் அதிகாரங்களை அறிதல் வேண்டும். 1883இல் அமைக்கப்பட்ட அச்சபை, 1909ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பேரதிகாரம் பெற்றது. ஒதுக்கிடங்களில் வாழ்வோரை வெளியேற்றவும், வெளியே வாழ்வோரை ஒதுக்கிடங்களுக்கு அனுப்பவும் அதனால் இயன்றது. 1915ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நீதிமன்ற விசாரணையின்றியே பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுக்கலாம். மேடையிலிருந்த மாக்கிறற் ரக்கரே அவ்வாறு பாடசாலையிலிருந்து பிடித்துச்செல்லப்பட்டு, கூற்றமுந்திராப் பெண்பிள்ளைகள் இல்லத்தில் வேலைக்காரியாகப் பயிற்றப்பட்டவர். இச்சபைக்குத் தலைவராக இருந்தவர் பொலிசு ஆணையாளர் என்பதொன்றே அதன் இயல்பைப் புலப்படுத்தும். ‘பாதுகாப்பு’ என்னும் சொல் இவ்வளவு பொருந்தாத இடத்தில் வழங்கியமை அரிது.

ஐந்து நாட்களின் பின், சனவரி 31ஆம் நாள், ஆதிக்குடித் தூதுக்குழுவொன்று பிரதமர் ஜோசப் லயன்சைக் கண்டு பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தது. மாநிலங்களின் கையிலிருந்து ஆதிக்குடி விவகாரங்களைப் பொதுநலவாய அரசாங்கமே ஏற்கவேண்டுமென்பது அவற்றுள் தலையாயது. அரசியலமைப்பு அதற்கு இடந்தராது என்பதே கிடைத்த விடை. கூப்பர் பல்லாண்டுகள் உழைத்து 1,814 கையொப்பங்களோடு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு எழுதிய மனுவும் மன்னரைச் சென்றடையவில்லை. அதனை அனுப்புவதில்லை என 1938ஆம் ஆண்டிலேயே அமைச்சரவை முடிவு செய்தது. மறு ஆண்டு பெப்ரவரியிற் கம்மரகுஞ்சா மக்களுள் ஏறக்குறைய இருநூறு பேர், ஒதுக்கிட அதிகாரியின் கொடுமை தாளாது, ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்குள் வெளியேறினர். ‘எங்கள் இல்லம்’ எனப் பெயரிட்ட இடத்தை விட்டு அவர்களே நீங்கவேண்டியதாயிற்று. கூப்பர் 1941இல் மறைந்தார். அவருடைய ஆசான் ஜேம்ஸ் 1946வரை வாழ்ந்திருந்தார். சனவரி 26ஐ அடுத்து முன்வரும் ஞாயிற்றுக்கிழமையை ஆதிக்குடி ஞாயிறாக அனுட்டிக்குமாறு கூப்பர் திருச்சபைகளை வேண்டியிருந்தார். அவ்வழக்கம் பின்னர் யூலை மாதத்துக்கு மாற்றப்பட்டு, நாடு முழுவதும் ஆதிக்குடிப் பண்பாட்டைப் போற்றும் வாரமாக இன்று விளங்குகின்றது. அரசியலமைப்பு இடந்தராது என்று 1938இற் கூறப்பட்ட விடையை 1967 மே 27ஆம் நாள் நிகழ்ந்த மக்கள் தீர்ப்பு மாற்றியது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாற்றத்துக்கு இசைந்தனர். கம்மரகுஞ்சாப் பள்ளியிற் பயின்றவரும், துக்கதினக் கூட்டத்திற் பங்குகொண்டவருமான டக் நிக்கல்ஸ் 1976இற் தென் அவுஸ்திரேலியாவின் தேசாதிபதியானார். ஆதிக்குடியினருள் அப்பதவி வகித்தவர் அவரே முதல்வர்.

1938ஆம் ஆண்டு ஊர்வலத்தை வகுத்தோர் அறிந்திராத ஓர் உண்மை 1968இல் வெளிப்பட்டது. மாநிலத்தின் தென்மேற்கிலுள்ள முங்கோ என்னும் வற்றிய ஏரியின் மணற்கரையில், எரியூட்டிப் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் என்புகளைப் புவியியலறிஞர் ஜிம் பௌலர் கண்டார். அவற்றின் தொன்மை ஏறக்குறைய நாற்பதினாயிரம் ஆண்டு எனக் கணிக்கப்பட்டது. உலகில் அறியப்பட்ட எரியூட்டற் சடங்குகளுள் மிகப் பழையனவற்றுள் அஃது ஒன்று. பிரிவாரினாவில் பார்வன் ஆற்றின் குறுக்கே கல்லடுக்கி அமைத்த மீன்பிடி வலயங்களும், பல குலத்தார் உரிமை பகிர்ந்து ஆண்ட ஒழுங்கும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. நூற்றைம்பதாண்டு என எண்ணிக் கொண்டாடிய மாநிலத்தின் மண்ணுக்கு இத்துணை நீண்ட மனித வரலாறு இருந்தது. முங்கோப் பெண்ணின் என்புகள் 1992இல் அந்நிலத்து மக்களிடமே மீள ஒப்படைக்கப்பட்டன.

கைதிகளைப்பற்றிய நாணமும் அக்காலத்திலேயே நீங்கத் தொடங்கிற்று. முதற் கப்பற்றொகுதியில் வந்தோரின் வழித்தோன்றல்கள் 1968இற் சங்கமொன்று அமைத்தனர். முன்னொருகால் மறைத்த பாட்டனைப் பேரரின் பேரர் பதிவேடுகளிற் தேடலாயினர். ஹைட் பூங்காக் கைதிமனை காட்சிச்சாலையாயிற்று. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட பதினொரு அவுஸ்திரேலியக் கைதித் தலங்களுள் நான்கு நியூ சவுத் வேல்சில் உள்ளன. கைதி மீண்டும் விழாவுக்குள் வந்துவிட்டான். இதில் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கைதியை நினைப்பதனால் எவருடைய காணியுறுதியும் ஆட்டங்காணாது. ஆதிக்குடியை நினைப்பதோ நிலம் யாருடையது என்னும் வினாவை எழுப்பும். ஆகவேதான் முன்னையது எளிதாயிற்று. பின்னையது இன்னும் முடியாதிருக்கின்றது.

இருநூறாம் ஆண்டாகிய 1988இல் இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. இறங்கிய காட்சியை மீள நடிப்பதை நடுவணரசின் விழாச் சபை விரும்பவில்லை. பன்னாட்டுப் பாய்க்கப்பல்களின் அணிவகுப்பையே அது ஏற்பாடு செய்தது. எனினும் தனியார் சிலர் போட்ஸ்மத்திலிருந்து பழைய வழியே கப்பல்களைச் செலுத்தி அதே நாளிற் சிட்னித் துறையை அடைந்தனர். இலட்சக்கணக்கான மக்கள் கரைகளில் நெருங்கி நின்று ஆர்ப்பரித்தனர். அதே நாளில் ரெட்பேண் பூங்காவிலிருந்து ஹைட் பூங்காவை நோக்கி ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் நீதி கோரி நடந்தனர். அவருள் வெள்ளையர் பல்லாயிரவர் இருந்தமை 1938க்கும் 1988க்கும் இடைப்பட்ட தூரத்தைக் காட்டும். குதிரை இலாயத்தில் மெனிண்டி மக்கள் அடைபட்டிருந்த ரெட்பேணே இப்பொழுது ஊர்வலத்தின் தொடக்கமாயிற்று. நியூ சவுத் வேல்சில் வாலகா ஏரிக்கரையிற் பிறந்து, சிறுவர் இல்லங்களில் வளர்க்கப்பட்ட பேணம் பேணம் என்பவர் அன்றே இங்கிலாந்தின் டோவர்க் கரையில் ஆதிக்குடிக் கொடியை நாட்டி, அந்நாட்டைத் தம் மக்களுக்காக உரிமை கொள்வதாக அறிவித்தார். பிலிப்பின் செயலைச் சிரித்துக்கொண்டே திருப்பிச் செய்துகாட்டிய அந்த ஒரு காட்சி, பல நூல்கள் எழுதியும் விளக்கவியலாத ஒன்றை விளக்கியது. விழாவை முன்னிட்டு வெளியிடப்பட்ட புதிய பத்து டொலர்த் தாளின் ஒரு பக்கத்தில் முதற் கப்பற்றொகுதியின் கப்பலும், மறுபக்கத்தில் உடலில் வண்ணந் தீட்டிய ஆதிக்குடி இளைஞன் ஒருவனும் இடம்பெற்றிருந்தனர்.

குடியேற்றத்துக்கு முன்னிருந்த நிலவுரிமையைச் சட்டம் ஏற்கும் என உயர் நீதிமன்றம் 1992இல் மாபோ வழக்கிலே தீர்த்தது. இரண்டாண்டின் பின், 1994 முதலாக, எல்லா மாநிலங்களும் சனவரி 26ஆம் நாளையே தவறாது விடுமுறையாக அனுட்டிக்கின்றன. அதற்கு முன் அண்மையிலுள்ள திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொள்வதே பலவிடத்தும் வழக்கமாயிருந்தது. நாள் உறுதிப்பட்ட காலத்திலேயே அதைப்பற்றிய வழக்காடலும் உறுதிப்பட்டது எனலாம். ஒவ்வோராண்டும் அந்நாளில் ஒருபுறம் குடியுரிமை வழங்கும் வைபவங்களும் படகுப்போட்டியும், மறுபுறம் துக்க ஊர்வலங்களும் சிட்னியில் நடைபெறுகின்றன. 1938ஆம் ஆண்டுக் கூட்டம் நடந்த எலிசபெத் வீதி மண்டபம் மாநில மரபுரிமைப் பட்டியலிலும், 2008 முதற் தேசிய மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டுள்ளது.

சிட்னித் துறைமுகப் பாலத்தின் உச்சியில் இரு கொடிக்கம்பங்கள் உள்ளன. ஒன்றில் அவுஸ்திரேலியக் கொடியும், மற்றொன்றில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கொடியும் பறப்பது 2022வரை வழக்கமாயிருந்தது. சில நாட்களில் மட்டும் ஆதிக்குடிக் கொடி ஏற்றப்பட்டுவந்தது. அதனை நிலையாகப் பறக்கவிடுதற்கு மூன்றாவது கம்பமொன்று நாட்டுவதாக 2022இல் மாநில அரசாங்கம் அறிவித்தது. அதற்கு 25 மில்லியன் டொலர் செலவாகுமெனக் கணக்கிடப்பட்டது. அத்தொகையைக் கேட்டு மக்கள் திகைக்கவே, அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டு, அதே ஆண்டு யூலையில் எளியதொரு வழியைக் கண்டது. மாநிலக் கொடி பாலத்திலிருந்து இறக்கப்பட்டது; அக்கம்பத்தில் ஆதிக்குடிக் கொடி ஏறியது.